ஆசிய நாடுகளின் படக்கதைப் புத்தகங்களைச் சின்னக் குழந்தைகளுக்கு எப்படி வாசித்துக் காட்டுவது?

கேள்வி இதுதான்: "மகளுக்கு நாலு வயது முடியப்போகிறது. ஜப்பான், சீனா, கொரியா மாதிரி ஆசிய நாடுகளின் படக்கதைப் புத்தகங்களை அவளோடு சேர்ந்து படிக்க ஆசை. எதில் தொடங்கலாம்? பெயர், சாப்பாடு, வீடு எல்லாமே புதிதாக இருக்குமே, ஒவ்வொன்றையும் விளக்க வேண்டுமா? பாதிக்கு மேல் ஆங்கிலத்தில்தான் கிடைக்கிறது, அதற்கு என்ன செய்வது?"

நூலகங்களிலும் பள்ளிகளிலும் குழந்தைகளை உட்காரவைத்துக் கதை சொல்வதுதான் என் வேலை. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதல் விஷயம், திருவிழாவில் தொடங்காதீர்கள். ஆசிய நாட்டுப் புத்தகம் என்று கடையில் கேட்டால் டிராகன் ஆட்டம், கிமோனோ என்ற ஜப்பானிய உடை, காகித விளக்கு என்று பளபளப்பாக எடுத்துப் போடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் நாலு வயதுக் குழந்தை அதிலிருந்து எடுத்துக்கொள்வது, அந்த ஊர்க்காரர்கள் எப்போதும் வேஷம் கட்டிக்கொண்டு ஆடுவார்கள் என்பதைத்தான். யானையையும் பாம்பாட்டியையும் மட்டும் போட்டு யாராவது நம்மைப் பற்றிப் புத்தகம் எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்? சாதாரண நாளில் தொடங்குங்கள். கடைக்குப் போவது, அப்பா ஊரிலிருந்து வருவது, தூங்க மறுப்பது, குடை தொலைவது. இந்த மாதிரிக் கதையில் உங்கள் மகளுக்கு முதலில் தெரியப்போவது இன்னொரு குழந்தை. அந்தக் குழந்தை ஜப்பானில் இருக்கிறது என்பது அப்புறம் தெரிந்தால் போதும்.

இதற்கு நான் எப்போதும் கையில் எடுப்பது 'ஹஜிமெதே நோ ஒட்சுகாய்' என்ற ஜப்பானியப் புத்தகம். முதன்முதலாகத் தனியாகக் கடைக்குப் போகிற கதை. எழுதியவர் சுட்சுயி யோரிகோ, படம் வரைந்தவர் ஹயாஷி அகிகோ. 1970-களின் நடுவில் வந்தது, இன்னும் விற்கிறது. ஆங்கிலத்திலும் உண்டு, அதில் அந்தப் பெண்ணின் பெயர் மிக்கி. ஐந்து வயது. அம்மாவுக்குக் கை ஓயவில்லை, பாப்பாவுக்குப் பால் இல்லை. "நீ தனியாப் போய் வாங்கிட்டு வருவியா?" என்கிறாள் அம்மா. இரண்டு நாணயங்களைக் கையில் பொத்திக்கொண்டு மிக்கி கிளம்புகிறாள். சைக்கிள் ஒன்று மணியடித்துக்கொண்டு போகிறது, சுவரோடு ஒட்டி நிற்கிறாள். மேட்டில் ஏறும்போது விழுந்து முட்டி சிராய்க்கிறது, காசு உருண்டு ஓடுகிறது. தேடி எடுத்துக் கடைக்குப் போனால் கடையில் ஆளில்லை. "பால் வேணும்" என்கிறாள், குரல் வெளியே வரவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் வந்து சத்தமாகக் கேட்டு சிகரெட் வாங்கிப் போகிறார். ஒரு அம்மாள் வந்து ரொட்டி வாங்கிக் கதை பேசிவிட்டுப் போகிறாள். மிக்கி அங்கேயே நிற்கிறாள். யார் கண்ணிலும் படவில்லை.

இந்தப் பக்கத்தில் நிறுத்துங்கள். கடைக்காரருக்கு முன்னால் பெரியவர்கள் நிற்க, அவர்கள் இடுப்பு உயரத்தில் ஒரு குழந்தை நிற்பது எப்படி இருக்கும் என்று உங்கள் மகளுக்கு நன்றாகத் தெரியும். நம் அண்ணாச்சி கடையிலும் இதே கதைதானே. நான் இந்த இடத்தில் என் குரலை மிகவும் தாழ்த்தி "பால்... வேணும்..." என்பேன். குழந்தைகள் பொறுக்க மாட்டார்கள், "சத்தமாக் கேளு!" என்று மிக்கிக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். "சரி, நீங்களே கேளுங்க" என்றால் கூரை இடிந்து விழுகிற மாதிரி ஒரு "பால் வேணும்!" வரும். கடைக்காரப் பெண்மணி ஓடிவந்து மன்னிப்புக் கேட்கும்போது, அதுவரை அடக்கிவைத்திருந்த ஒரு சொட்டுக் கண்ணீர் மிக்கியின் கன்னத்தில் இறங்கும். பாலை வாங்கிக்கொண்டு மீதிச் சில்லறையை மறந்து ஓடுவாள். மேட்டுக்குக் கீழே அம்மா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கையசைத்து நிற்பாள். பின்னட்டையைப் பார்க்கத் தவறாதீர்கள், கதை அங்கேதான் முடிகிறது: முட்டியில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது, மிக்கியும் பால் குடிக்கிறாள்.

சின்னப் பிள்ளைகளைத் தனியாகக் கடைக்கு அனுப்பி ஒளிந்திருந்து படமெடுக்கும் ஜப்பானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று 1991 முதல் ஓடுகிறது, நெட்ஃபிளிக்ஸில்கூட வந்தது. இந்தப் புத்தகத்தின் பெயரும் யோசனையும்தான் அதற்கு அடி. நிகழ்ச்சியைப் பார்க்குமுன் புத்தகத்தைப் படித்துவிடுங்கள்.

இந்த மொத்தக் கதையில் நீங்கள் விளக்க வேண்டியது எவ்வளவு என்று பாருங்கள். அங்கே காசுக்கு யென் என்று பெயர். அவ்வளவுதான், அதுவும் அவள் கேட்டால். விளக்கத்துக்கு நான் வைத்திருக்கும் வழக்கம் இதுதான்: குழந்தை கேட்டால் ஒரே வாக்கியத்தில் பதில், உடனே கதைக்குத் திரும்பிவிட வேண்டும். கேட்காததை நாமாக விளக்கக் கூடாது. கதை நடுவில் "ஜப்பான் ஒரு தீவு நாடு, தலைநகர் டோக்கியோ" என்று தொடங்கினால் புத்தகம் பொது அறிவுப் பாடமாகிவிடும், குழந்தையின் கண் ஜன்னலுக்குப் போய்விடும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார்கள், தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், சோறு சாப்பிடுகிறார்கள் என்பதையெல்லாம் குழந்தைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள். "அம்மா, இவங்களும் நம்மள மாதிரியே!" என்று அவள் சொன்னால் அதன் மேல் நீங்கள் எதையும் அடுக்க வேண்டாம்.

தாய்லாந்தை வைத்து வந்த ஒரு தாலாட்டுப் புத்தகம் இருக்கிறது. மின்ஃபொங் ஹோ எழுதியது, பர்மாவில் பிறந்து தாய்லாந்தில் வளர்ந்தவர். ஹோலி மீட் காகிதங்களை வெட்டி ஒட்டிப் படம் செய்திருக்கிறார். 1996-ல் வந்தது. குழந்தை தூங்குகிறது, அம்மா ஒவ்வொரு பிராணியாகப் போய் "உஸ்" என்கிறாள். கொசு, பல்லி, பூனை, எலி, தவளை, பன்றி என்று யானை வரைக்கும். குழந்தை படுத்திருப்பது தூளியில்! நம் பிள்ளைகள் அதைப் பார்த்ததும் வேறு நாடு என்பதையே மறந்துவிடுகிறார்கள். அம்மா அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருக்க, குழந்தை தூளியிலிருந்து இறங்கிப் பின்னால் சுற்றிக்கொண்டிருப்பதைப் படத்தில் மட்டும் காட்டியிருப்பார்கள், எழுத்தில் ஒரு வார்த்தை இருக்காது. அதை நீங்கள் சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள். மூன்றாவது நாள் வாசிப்பில் அவளே கண்டுபிடிக்கட்டும்.

சீனப் புத்தகங்களில் ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் யூ லிசியோங் எழுதி ஜு செங்லியாங் படம் வரைந்த 'துவான்யுவான்' வாங்குங்கள். பிரிந்திருந்த குடும்பம் ஒன்றுசேர்வதைப் பற்றியது. 2008-ல் வந்தது, சீனமொழிப் படக்கதைகளுக்கான ஃபெங் ஸிகாய் பரிசு 2009-ல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது இதற்குத்தான் முதலிடம். ஆங்கில மொழிபெயர்ப்பு சுலபமாகக் கிடைக்கிறது. மேலே திருவிழாவில் தொடங்காதீர்கள் என்றேன். இந்தக் கதை நடப்பது சீனப் புத்தாண்டில்தான், ஆனால் புத்தாண்டைக் காட்டுவதற்காக எழுதியது அல்ல.

மாவோமாவோவின் அப்பா தூர ஊரில் கட்டட வேலை செய்கிறார். வருஷத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். வந்தவரைப் பார்த்ததும் மகளுக்கு அடையாளம் தெரியவில்லை, பயந்து அழுகிறாள். அப்பா முடிவெட்டிக்கொள்ளப் போகிறார், மகளும் கூடப் போகிறாள். சலூன் கண்ணாடியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய அப்பா தெரியத் தொடங்குகிறார். வீட்டில் பசையரிசி மாவில் உருண்டை பிடிக்கிறார்கள், பார்க்க நம் பால் கொழுக்கட்டை மாதிரி இருக்கும். அதில் ஒன்றுக்குள் அப்பா ஒரு நாணயத்தை வைக்கிறார், அது யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்கு அதிர்ஷ்டம். மாவோமாவோ பல்லில் கடிபடுகிறது. அப்பா இருக்கும் நாட்களில் கூரையைச் சரிபார்க்கிறார், கதவுக்குப் பெயின்ட் அடிக்கிறார், பல்பு மாற்றுகிறார். இரவில் மகள் அம்மா அப்பா இருவருக்கும் நடுவில் படுத்து, அவர்கள் குசுகுசுவென்று பேசுவதைக் கேட்டபடி தூங்குகிறாள். பனியில் விளையாடும்போது நாணயம் தொலைகிறது. அப்பா வேறொன்று தருகிறேன் என்கிறார், அது வேண்டாம் என்று அழுகிறாள். ராத்திரி உடுப்பைக் கழற்றும்போது அது 'ணங்'கென்று கீழே விழுகிறது. அப்பா கிளம்புகிற நாளில் அந்த நாணயத்தை அவர் கையில் வைத்து, அடுத்த வருஷம் வரும்போது இதையே உருண்டைக்குள் வைக்கலாம் என்கிறாள். அப்பா பேசவில்லை, இறுக்கி அணைத்துக்கொள்கிறார்.

இராமநாதபுரம் பக்கமும் தஞ்சாவூர் பக்கமும் அப்பா துபாயிலோ கத்தாரிலோ இருக்கிற வீடுகள் எத்தனை! அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இதை வாசித்தால், முடித்ததும் யாரும் கைதட்ட மாட்டார்கள். யாராவது ஒரு பிள்ளை தன் அப்பா கொண்டுவந்த பொம்மையைப் பற்றிப் பேசத் தொடங்கும், அடுத்தது இன்னொன்று. அதைப் பேசவிட்டுக் கேட்பதுதான் அன்றைக்கு நம் வேலை. அன்று வேறு புத்தகம் எடுக்காதீர்கள். உங்கள் வீட்டில் யாராவது வெளியூரில் இருந்தால், முதலில் நீங்கள் தனியாக ஒருமுறை படித்துவிடுங்கள், குரல் உடையாமல் வாசிக்க அது உதவும்.

பக்கத்து இலங்கையை மறந்துவிட வேண்டாம். சிபில் வெத்தசிங்க எழுதி வரைந்த 'குட ஹொரா', அதாவது குடைத் திருடன், 1956-ல் சிங்களத்தில் வந்தது. ஜப்பானியம் வரைக்கும் போய் அங்கேயும் பிள்ளைகளின் விருப்பமாக ஆனது. குடை என்றால் என்னவென்று தெரியாத கிராமம், மழை வந்தால் வாழையிலையைத் தலைக்குப் பிடிப்பார்கள். அங்கிருந்து கிரி மாமா டவுனுக்குப் போய்க் குடை வாங்கி வருகிறார். காப்பிக் கடையில் உட்கார்ந்து எழுந்தால் குடையைக் காணோம். மறுபடி வாங்குகிறார், மறுபடி காணோம். கடைசியில் குடைக்குள் காகிதத் துண்டுகளைப் போட்டு வைத்து, அவை விழுந்த வழியே காட்டுக்குள் போனால் ஒரு மரம் நிறையக் குடை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டவர், திருடனுக்கென்று ஒன்றை மட்டும் மரத்திலேயே விட்டுவருகிறார். திருடன் யார் என்று இங்கே சொல்ல மாட்டேன். 'மாமா' என்ற சொல் சிங்களத்திலும் மாமாதான் என்பதால் பிள்ளைகளுக்கு அவர் உடனே சொந்தக்காரர் ஆகிவிடுகிறார்.

உங்கள் மகளுக்குப் பஞ்சதந்திரக் குரங்கும் முதலையும் தெரியுமா? தெரிந்தால் உங்கள் கையில் ஒரு பெரிய சாவி இருக்கிறது. ஆற்றங்கரை நாவல் மரம், பழம் கொடுக்கும் குரங்கு, குரங்கின் இதயம் வேண்டும் என்று கேட்கும் முதலையின் மனைவி, "இதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டு வந்துட்டேனே" என்று தப்பிக்கும் குரங்கு. இதே கதை புத்த ஜாதகக் கதைகளிலும் உண்டு. பௌத்தத்தோடு சேர்ந்து இது வடக்கேயும் கிழக்கேயும் நடந்து போனது. கொரியாவில் கடலுக்கடியில் இருக்கும் டிராகன் ராஜாவுக்கு நோய் வருகிறது, முயலின் ஈரல்தான் மருந்து என்கிறார்கள். ஆமை கரையேறி முயலை ஆசைகாட்டிக் கூட்டிவருகிறது. "ஈரலைக் கழுவிக் காயவைத்துவிட்டு வந்தேன், முன்பே சொல்லியிருந்தால் எடுத்து வந்திருப்பேனே" என்கிறது முயல். 1145-ல் தொகுக்கப்பட்ட 'சம்குக் சகி' என்ற கொரிய வரலாற்று நூலிலேயே இந்தக் கதை இருக்கிறது, பான்சோரி என்ற பாட்டுக்கதையாக இன்றும் பாடுகிறார்கள். ஜப்பானுக்குப் போனதும் மறுபடி குரங்காகி, அதன் ஈரலைக் கேட்கிறார்கள். ரகசியத்தை உளறிவிட்டது ஜெல்லி மீன். அதற்குத் தண்டனையாக எலும்பெல்லாம் நொறுங்க அடி விழுந்தது, அதனால்தான் அதற்கு எலும்பே இல்லை! நம் கடற்கரையில் சொறிமீன் ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்த குழந்தைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

எலிப் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும் கதையும் இப்படித்தான். சூரியனைவிட மேகம் பெரிது, மேகத்தைவிடக் காற்று, காற்றைவிட மலை, மலையைக் குடைவது எலி. பஞ்சதந்திரத்தில் மலை இருக்கும் இடத்தில் ஜப்பானில் சுவர் நிற்கும். கொரியாவில் எலிக்குப் பதில் அகழெலி, மலைக்குப் பதில் புத்தர் சிலை. இரண்டு மூன்று நாட்டுப் புத்தகங்களைத் தரையில் விரித்துப் போட்டுவிட்டு, "எது எது மாறியிருக்கு, கண்டுபிடி" என்று விட்டுவிடுங்கள். மழைக்கால மதியம் ஒன்று போவதே தெரியாது. இது நம் ஊருக்கும் அந்த ஊர்களுக்கும் உண்மையாகவே இருக்கிற உறவு. வரைபடத்தை விரித்து ஆசியா என்று காட்டுவதைவிட இந்த ஒரு முயல் நிறையச் சொல்லிவிடும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள், இது எனக்கு மிகவும் முக்கியம். ஆசியாவைப் பற்றி வெளியாட்கள் வரைந்த பழைய புத்தகங்கள் இன்னும் அச்சில் இருக்கின்றன. 1938-ல் அமெரிக்காவில் வந்த ஐந்து சீனச் சகோதரர்கள் கதையில் ஊர் மொத்தத்துக்கும் ஒரே மஞ்சள் முகம், கண்ணுக்குப் பதில் ஒரு கோடு. 1968-ல் வந்த 'டிக்கி டிக்கி டெம்போ', மூத்த மகன்களுக்கு மூச்சுமுட்டும் நீளத்தில் பெயர் வைப்பது சீன வழக்கம் என்று சொல்கிறது. அப்படி ஒரு வழக்கம் சீனாவில் இருந்ததில்லை. நமக்கும் இதில் பங்குண்டு. மதராஸில் வாழ்ந்த ஸ்காட்லாந்துப் பெண்மணி ஹெலன் பேனர்மன் 1899-ல் வெளியிட்ட 'லிட்டில் பிளாக் சாம்போ'வில் புலி வருகிறது, நெய் வருகிறது. பையனின் பெயரும் முகமும் மட்டும் கறுப்பின மக்களைக் கேலிசெய்யும் சித்திரமாகிவிட்டன. ஜப்பானில் 1953 முதல் பிள்ளைகள் அதை விரும்பிப் படித்தார்கள், எதிர்ப்பு வந்ததும் 1988-ல் பதிப்பகம் நிறுத்தியது, 2005-ல் வேறொரு பதிப்பகம் மறுபடி கொண்டுவந்தது. புலிகள் சுற்றிச்சுற்றி ஓடி நெய்யாக உருகும் அந்தக் கதை எனக்கும் பிடிக்கும். பெயர்களை இந்தியப் பெயர்களாக மாற்றி, ஃபிரெட் மார்செலினோ புதிதாகப் படம் வரைந்து 1996-ல் வந்த பதிப்பு இருக்கிறது. நெய்ப் புலி வேண்டுமென்றால் அதை வாங்குங்கள்.

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நான் பார்ப்பது: எழுதியவரும் வரைந்தவரும் யார், அந்த வாழ்க்கையை அறிந்தவர்களா? படத்தில் கூட்டமாக நிற்பவர்களுக்கு வெவ்வேறு முகம் இருக்கிறதா? இன்றைய கதை என்றால் இன்றைய உடை இருக்கிறதா? சீனக் குழந்தைக்குக் கிமோனோ மாட்டிவிட்டிருக்கிறார்களா? இதிலேயே பாதி கழிந்துவிடும்.

அப்புறம் நம் வீட்டுக்குள் நடப்பது. படத்தில் ஆக்டோபஸ் சாப்பிடுவதைப் பார்த்தால் குழந்தை "சீ" என்னும். திட்ட வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். "அவங்க வீட்ல அதை ஆசையாச் சாப்பிடுவாங்க, நீ கருவாட்டுக் குழம்பு சாப்பிடுற மாதிரி" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்புங்கள். சைவ வீடானால் சொல்லும் உதாரணத்தை மாற்றிக்கொள்ளுங்கள். விரலால் கண்ணை இழுத்துக் காட்டி "சைனாக்காரன்" என்று விளையாடுவது வேறு. அதை அங்கேயே நிறுத்த வேண்டும். நான்கு வயதில் அது பெரியவர்களைப் பார்த்து வந்திருக்கும். நம் ஊர் ஓட்டல்களிலும் பார்லர்களிலும் வேலை செய்யும் மணிப்பூர், மிசோரம் பிள்ளைகளை நம்மில் பலர் எப்படிக் கூப்பிடுகிறோம் என்பது குழந்தையின் காதிலும் விழுகிறது. படக்கதையில் மிக்கியோடு சேர்ந்து காசு தேடிய குழந்தைக்கு, அந்த முகம் ஒரு பெயருள்ள முகம். இதற்காகவேனும் இந்தப் புத்தகங்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சரி, மொழி. ஆங்கிலத்தில் இருப்பதை வரிக்கு வரி அங்கேயே மொழிபெயர்த்துக்கொண்டே வாசித்தால் தடுமாறும், தாளம் போய்விடும். முந்தின நாள் இரவு நீங்கள் ஒருமுறை படித்துவிட்டு, வீட்டில் பேசும் தமிழில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு மூன்று வரி எழுதி, ஒட்டி எடுக்கக்கூடிய சீட்டில் அந்தந்தப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். தாத்தா பாட்டி வாசிக்கும்போதும் உதவும். பெயர்களை மாற்றாதீர்கள். மாவோமாவோ மாவோமாவோவாகவே இருக்கட்டும், குழந்தைகளுக்கு அந்தச் சத்தமே பிடிக்கும். கடைக்காரர்களை "அக்கா, பாட்டி" என்று தாராளமாகச் சொல்லலாம், அந்த ஊர்களிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். சத்தங்களுக்கு நம் இரட்டைக்கிளவியை அள்ளிப் போடுங்கள். ஜப்பானியப் புத்தகங்கள் அப்படிப்பட்ட சொற்களால் நிரம்பியவை, ஆங்கிலத்தில் அவை வற்றிப்போய் வரும். காசு கலகலவென்று உருளட்டும், மழை சடசடவென்று பெய்யட்டும்.

மொழியே தடையாகத் தெரிந்தால், எழுத்தே இல்லாத புத்தகத்தில் தொடங்குங்கள். கொரியாவின் சூஸி லீ 2008-ல் கொண்டுவந்த 'அலை'யைப் பாருங்கள். ஒரு பெண் குழந்தை, ஒரு கடல், கரித்தீட்டலும் நீல நிறமும் மட்டும். இடது பக்கத்தில் குழந்தை, வலது பக்கத்தில் அலை. இரண்டு தாளும் சேரும் மடிப்புதான் எல்லை, அலை அதைத் தாண்டாது. தாண்டிய பிறகு என்ன ஆகிறது என்பதுதான் கதை. சூஸி லீக்கு 2022-ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது கிடைத்தது. மெரினாவுக்கோ திருச்செந்தூருக்கோ போய்வந்த குழந்தை இந்தப் புத்தகத்தை உங்களுக்கு வாசித்துக் காட்டும்.

இன்னும் சின்னக் குழந்தை இருந்தால், மட்சுதானி மியோகோ எழுதி 1967-ல் வந்த 'இனாய் இனாய் பா'. பூனையும் கரடியும் முகத்தை மூடித் திறக்கும், "காணோம் காணோம்... இதோ!" அவ்வளவுதான் புத்தகம். நாலைந்து வயதுக்கு 'குரியும் குராவும்': இரண்டு வயல் எலிகள் காட்டில் ஒரு ராட்சத முட்டையைக் கண்டெடுத்து, பெரிய வாணலியில் கேக் செய்து காட்டுக்கே பங்கு வைக்கும், மிஞ்சிய ஓட்டை வைத்து வண்டி செய்யும். எழுதிய நகாகவா ரியேகோ அப்போது பாலர் பள்ளி ஆசிரியை. எலிகள் பாடும் பாட்டுக்குப் புத்தகத்தில் மெட்டு கிடையாது, ஜப்பானில் ஒவ்வொரு வீடும் தன் மெட்டில் பாடுகிறது. நீங்களும் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். படித்து முடித்ததும் தோசைக்கல்லில் ஒரு முட்டைக் கேக் போட்டே ஆக வேண்டியிருக்கும்.

ஓட்சுகா யூசோ எழுதி அகாபா சுஎகிச்சி வரைந்த 'சூஹோவின் வெள்ளைக் குதிரை' மங்கோலியக் கதை. குதிரைத் தலை வைத்த மோரின் ஹூர் என்ற இசைக்கருவி எப்படி வந்தது என்று சொல்வது. அம்பு பட்டுக் குதிரை இறந்துபோகும், அதன் எலும்பாலும் மயிராலும் அந்தக் கருவி பிறக்கும். ஆறு ஏழு வயது வரை காத்திருங்கள். ஈரானின் 'சின்னக் கறுப்பு மீன்' இன்னும் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு. சமத் பெஹ்ராங்கி எழுதியது, 1968-ல் ஃபர்ஷித் மெஸ்காலி படங்களோடு வந்தது. ஆசியா என்றால் கிழக்குக் கோடி மட்டுமல்ல என்பதற்காகவும் அதைச் சொல்கிறேன்.

ஒரு குழந்தைக்கு மடியில் வைத்து வாசிக்கலாம். பத்துப் பிள்ளைகள் சேர்ந்துவிட்டால் ஜப்பானிய வழி ஒன்று இருக்கிறது: கமிஷிபாய். 1930-களில் மிட்டாய்க்காரர்கள் சைக்கிளின் பின்னால் ஒரு சின்ன மரச்சட்டத்தை வைத்துத் தெருத்தெருவாகப் போவார்கள். இரண்டு மரக்கட்டைகளை 'டக் டக்' என்று தட்டியதும் பிள்ளைகள் ஓடிவரும். மிட்டாய் விற்றுவிட்டுப் படஅட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கதை சொல்வார்கள். தொலைக்காட்சி வந்ததும் தெருவில் அது மறைந்தது, பள்ளிகளிலும் நூலகங்களிலும் இன்றும் இருக்கிறது. வீட்டில் செய்வது சுலபம். அட்டைப்பெட்டியில் ஜன்னல் வெட்டி, பக்கவாட்டில் அட்டை இழுக்க வழி விடுங்கள். கெட்டி அட்டைகளில் மகளையே படம் வரையச் சொல்லுங்கள். ஒரு சூட்சுமம்: முதல் படத்துக்கான கதையைக் கடைசி அட்டையின் முதுகில் எழுத வேண்டும், இரண்டாவது படத்துக்கானதை முதல் அட்டையின் முதுகில். இழுத்த அட்டையைப் பின்னால் செருகும்போது, அடுத்த படத்தின் கதை உங்கள் பக்கம் வந்து நிற்கும். படத்தைக் காட்டிக் கதை சொல்லும் இந்த வழக்கத்தின் வேர் இந்தியாவில் இருக்கிறது என்று விக்டர் மேர் என்ற அறிஞர் 1988-ல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். வங்காளத்துப் படச்சுருளும் ராஜஸ்தானின் காவட் என்ற படப்பெட்டியும் அந்தக் குடும்பம்தான்.

கிடைக்குமிடம். சென்னையில் இருக்கும் தூலிகா 1996 முதல் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் படக்கதைகள் போடுகிறது, அசோக் ராஜகோபாலனின் சளி பிடித்த யானை கஜபதி குலபதி அவர்களுடையதுதான். தாரா புக்ஸ் கையால் அச்சிட்ட புத்தகங்களுக்குப் பேர்போனது. கோண்டு பழங்குடி ஓவியர்களின் மரங்கள் புத்தகத்தைத் திருவான்மியூரில் அவர்கள் கட்டடத்துக்கே போய்ப் புரட்டிப் பார்க்கலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி உண்டு. இறக்குமதிப் புத்தகங்கள் விலை அதிகம் என்பதால் முதலில் அங்கே தேடுங்கள். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், ஆசியாவின் மற்ற மொழிகளிலும் நிறைய இருக்கின்றன. அங்கே இருப்பவற்றைத் தரவிறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். அந்தத் தளத்தில் இருக்கும், தமிழில் இல்லாத ஒரு கதை மகளுக்குப் பிடித்துவிட்டால், எழுதியவர், வரைந்தவர் பெயரோடு நீங்களே தமிழாக்கி அதே தளத்தில் ஏற்றலாம், உரிமம் அதற்கு இடம் கொடுக்கிறது. பக்கங்களில் ஒட்டிவைத்த சீட்டுகளை எழுதிப் பழகியிருப்பீர்கள், அந்த வேலை உங்களுக்கு வந்துவிடும்.